முருகானந்தத்தின் கார்டு

நம்பினால் நம்புங்கள். இதில் ஒரு வரிகூட நான் கட்டிவிட்டதில்லை. கட்டிவிடுவதாக இருந்தால் என்னை இவ்வளவு கேவலமாகக் காட்டிக்கொள்ள மாட்டேன்.

கொடைக்கானல் அட்டுவம்பட்டியில், வீட்டிலிருந்தபடியே ஹெலிகாப்டர் ஜி.பி.எஸ். கருவிகளுக்கு மேப் கார்டு போட்டுக் கொடுக்கிறேன். இருபத்தெட்டு நாளுக்கு ஒரு வியாழன், காலை சரியாக 5.30க்குப் பழைய மேப் காலாவதியாகிவிடும். ஒரு கார்டு ஒரு கருவியில்தான் திறக்கும். கம்பெனி அப்படிப் பூட்டி வைத்திருக்கும். அந்தப் பூட்டை உடைத்துக் காப்பி எடுப்பதுதான் என் தொழில்.

பைலட் முருகானந்தத்துக்கு நான் கொடுத்தது பழைய மேப். தேதியை மட்டும் மாற்றியிருந்தேன். சோம்பல்தான், வேறென்ன. மன்னவனூர் மேட்டில் புதிதாக வந்த டவர் அதில் இல்லை. மூடுபனியில் நேராக அதில் போய் மோதி இறந்தார். ஜி.பி.எஸ். உருகிக் கிடந்தது என்றார்கள். உள்ளே இருந்த என் கார்டும் போயிருக்கும். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த மேப் மாறும் வியாழன். மணி 5.10. அவர் இடத்துக்கு வந்த புது பைலட் சிவமுருகன் போன் செய்தான்.

“அண்ணே, கார்டு ரெடியாங்க? ஏழு மணிக்கு மன்னவனூர்ல சோலி இருக்கு.”

“வெரசா வா.”

அவனுக்கும் அதே பழைய மேப்தான். ஸ்டிக்கரில் அன்றைய தேதியை எழுதி ஒட்டி, கார்டை ரீடரில் செருகினேன்.

5.29. எந்தக் கருவிக்கு என்று திரை கேட்டது. சிவமுருகனின் கருவி எண்ணை அடித்தேன். அழிந்தது. மறுபடி அடித்தேன். தானாகவே வேறு எண் விழுந்தது... கடைசியில் 417. முருகானந்தத்தின் கருவி.

5.30. கூரைக்கு மேலே டப்... டப்... டப்... தகரம் அதிர்ந்தது. ஜன்னலில் பனி மட்டும்.

கருகிய வயர் வாடை.

காதுக்குப் பக்கத்தில்...

“தம்பி... டவர் இருக்குன்னு சொல்லலையே.”

கரண்ட் போனது.

வந்தபோது ரீடர் காலி. வீட்டைப் புரட்டிப் போட்டும் கார்டு கிடைக்கவில்லை. கார்டு இல்லாமல் பறக்க முடியாது என்று சிவமுருகன் திட்டிக்கொண்டே திரும்பிப் போனான். அவன் இன்றும் உயிரோடு இருக்கிறான்.

ஒன்பது நாள் கழித்து விசாரணை அதிகாரி என்னைக் கூப்பிட்டார். விபத்துக்கு மறுநாள் ஜி.பி.எஸ்.ஸை உள்ளே வைத்து அரக்கு முத்திரை போட்ட பெட்டியை அன்று காலையில்தான் பிரித்தார்களாம். முத்திரை கலையவே இல்லையாம். உருகிய ஜி.பி.எஸ்.ஸுக்குள் கருகாத கார்டு ஒன்று.

“இது உங்க கையெழுத்துதானே?”

ஸ்டிக்கரைப் பார்த்தேன். கார்டு காணாமல் போன அந்த வியாழக்கிழமையின் தேதி.