மாவு மில்லில் அரைத்த நானோ

போன செவ்வாய்க்கிழமை திருப்பதியில், ஆஸ்பத்திரி நாலாவது மாடியில், என் மனைவி தனத்துக்குக் கடைசி பாட்டில் கீமோ ஏறி முடிந்தது. நர்ஸ் ஊசியைக் கழற்றியதும் ஃபிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தேன். தனம் வாங்கினாள். மோந்து பார்த்தாள். டம்ளரைச் சாய்த்து அடியில் ஏதாவது தங்கியிருக்கிறதா என்றும் பார்த்தாள்.

"வெறும் காபிதானே?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கத்தானே செய்வார்கள்? ஆனால் அந்தக் கேள்விக்கு நான் முழுத் தகுதி உள்ளவன். எப்படி என்று சொல்லிவிடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன்னால் தனத்துக்கு மார்பில் கட்டி. கேன்சர் என்று உறுதியானது. கீமோ ஆரம்பித்தார்கள். டல்லாஸில் இருக்கும் மகன் தினமும் போனில் அழுவான். அழுது முடித்ததும் ஒரு லிங்க் அனுப்புவான். அவ்வளவு தூரம் போன பிள்ளையால் வேறென்ன முடியும்? அதில் ஒரு லிங்க், மஞ்சளில் உள்ள சத்தை 'நானோ'வாக்கி கேன்சர் செல்லுக்குள் அனுப்பும் ஆராய்ச்சி பற்றியது. எனக்குப் புரிந்தது இரண்டே விஷயம். ஒன்று, மஞ்சள். இரண்டு, நானோ என்றால் ரொம்ம்ம்பச் சின்னது.

சின்னதாக்க எதற்கு லேப்? மாவு மில் போதாதா?

நாராயணவனம் கோயிலில் ஒரு பெரிய திருகைக்கல் உண்டு. பத்மாவதித் தாயார் கல்யாணத்துக்கு நலங்கு மாவு அரைத்த கல் என்பார்கள். விரலி மஞ்சள் பையை அதன் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டேன். விஞ்ஞானத்துக்கு அதுதான் என் முதல் படி. நேராக புத்தூர் மில்லுக்குப் போனேன்.

மில்காரர் ஒரு தடவை அரைத்தார். விரலில் தேய்த்துப் பார்த்து, இன்னும் சன்னமாக வேண்டும் என்றேன். மூன்று தடவை… நான்கு தடவை… மில்காரரின் புருவம்கூட மஞ்சளாகிவிட்டது.

"சாலு சார், போதும். இதுக்கு மேல அரைச்சா மஞ்சள் வராது, என் மிஷின்தான் பொடியாயி வரும்."

வீட்டுக்கு வந்து பழைய வேட்டியில் சலித்தேன். மிளகு சேர்த்தால் உடம்பில் நன்றாக ஏறும் என்று அதே லிங்க் சொன்னதால், கை நிறைய மிளகுத் தூளும் கலந்தேன். பாலில், காபியில், மோரில்… வேளைக்கு மூன்று ஸ்பூன். என்ன இது, சேறு மாதிரி இருக்கிறது என்று தனம் முகம் சுளிப்பாள். சுளித்துக்கொண்டே குடிப்பாள்.

ஐந்து வாரம் போயிற்று. அடுத்த கீமோவுக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் லிவர் கணக்கு எகிறியிருந்தது. டாக்டரம்மா கீமோவை நிறுத்தினார். நோய் கல்லீரலுக்குப் பரவியிருக்கலாம், ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறார்களா என்றும் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். மஞ்சள் மருந்தா என்ன? சமையல் சாமான்தானே?

எங்கள் மாடிப் போர்ஷனில் கல்பனா குடியிருக்கிறாள். எங்களை மாமா, அத்தை என்றுதான் கூப்பிடுவாள். வரதய்யபாளையத்துப் பெண். கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா, அந்தப் பக்கம் ஃபேக்டரிகள் வந்ததும் செக்யூரிட்டியாகி மகளைப் படிக்க வைத்தார். அவள் ஆராய்ச்சி செய்வதே இதைத்தான் – செடிச்சத்தை நானோவில் ஏற்றுவது! அன்று சாயங்காலம் மஞ்சள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். உங்கள் லேபில் இதை இன்னும் கொஞ்சம் சன்னமாக்க முடியுமா, அத்தைக்கு ஆபத்து என்று கெஞ்சினேன்.

கல்பனா டப்பாவைத் திறந்து பார்த்தாள். சிரிக்கவில்லை.

"எத்தினி நாளா குடுத்துக்கினு இருக்கீங்க மாமா?"

சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒரு மூச்சு திட்டித் தீர்த்தாள்.

"சன்னமா அரைச்சா நானோ ஆயிடாது மாமா. மஞ்சள் சத்து தண்ணில கரையாது, உடம்பு வெளிய தள்ளிடும். நாங்க செய்றது அதை ஏத்திக்கினு போற வண்டி. ரேணிகுண்டா ஸ்டேஷன்ல இறங்கின பக்தரை நேரா மலைமேல விடுற பஸ்ஸு மாதிரி. எங்க பஸ்ஸே இன்னும் எலிங்ககிட்டதான் ஓடிக்கினு இருக்குது."

அதோடு, இவ்வளவு மஞ்சளும் மிளகும் சேர்ந்தால் சிலருக்கு லிவர் தாங்காது என்றாள். நோய் பரவியதா… நான்தான் விஷம் வைத்தேனா? இரண்டில் எதற்கு வேண்டிக்கொள்வது? நான்தான் குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று ஏழுமலையானிடம் வேண்டிக்கொண்ட ஒரே புருஷன் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் கல்பனாவும் கூடவே வந்தாள். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஏன் குடித்தீர்கள் என்று அவர் தனத்தைத்தான் கேட்டார். தனம் என்னைப் பார்த்தாள். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி 'நீ' என்றால் பிரியம், 'நீங்க' என்றால் சண்டை.

"சும்மா உக்காந்துக்கினு இருந்தா நீ அழுதுடுவ. மாவரைச்சிக்கினு இருந்தா அழமாட்ட. அதான் குடிச்சேன்."

மஞ்சள் நின்றது. ஸ்கேனில் கல்லீரல் சுத்தமாக இருந்தது. இரண்டு வாரத்தில் கணக்கும் இறங்கியது. மஞ்சளாகத்தான் இருந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. குற்றம் நிரூபணமானதற்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் கும்பிடு போட்டேன்.

கீமோ மறுபடி ஆரம்பித்த அன்று கல்பனா ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மஞ்சளுக்கெல்லாம் முன்னால், முதன்முதலில் ஏற்றிய பாட்டிலுக்கே தனத்துக்கு உடம்பெல்லாம் தடித்து மூச்சு வாங்கியதால் டாக்டரம்மா வேறு மருந்துக்கு மாற்றியிருந்தார். அதற்கு நான் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். டல்லாஸ் லிங்க்கை வரி விடாமல் படித்தவன், கையெழுத்துப் போட்ட தாளைப் படிக்கவில்லை.

"மாமா, இந்த மருந்து ஒரு மரத்துப் பட்டைலேர்ந்து வந்தது. புரோட்டீன்ல சுத்தி நானோவா அனுப்புறாங்க. மஞ்சள் பஸ்ஸுதான் இன்னும் வரல. இந்த பஸ்ஸு எப்பவோ வந்து, அத்தை அதுலதான் போய்க்கினு இருக்காங்க."

நிமிர்ந்து பாட்டிலைப் பார்த்தேன். சொட்டு… சொட்டு… நான் புத்தூர் மில்லில் தேடியது, என் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மரத்துக்கும், அதைப் பொட்டலம் கட்டத் தெரிந்த யாரோ முகம் தெரியாதவர்களுக்கும், என்னைத் திட்டாத டாக்டரம்மாவுக்கும், திட்டிய கல்பனாவுக்கும் எப்படி நன்றி சொல்வது?

தனம் இப்போதும் ஒவ்வொரு டம்ளரையும் மோந்து பார்க்கிறாள். வெறும் காபிதானே என்று கேட்கிறாள்.

கேட்கட்டும். கேட்க ஆள் இருக்கிறதே!