ஒயரில்லாமல் எரிந்த டியூப்லைட்

நான் இயற்பியல் ஆசிரியை. எங்கள் பள்ளி ஆண்டுவிழா மாலையில், ரேடியோ அலை எழுப்பும் கம்பிச்சுருளை மேடையில் ஓடவிட்டு, அதன் பக்கத்தில் ஒரு டியூப்லைட்டைப் பிடித்தேன். ஒயரே இல்லாமல் குழாய்க்குள் வாயு ஒளிர்ந்தது. பிள்ளைகள் கைதட்டியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மேடையை ஒட்டி, பட்டாசுக் கம்பெனியிலிருந்து வந்த ஆமத்தூர் மாரியம்மாள் அக்கா வாணவேடிக்கைக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். மின்சாரம் பட்டாலே பற்றிக்கொள்ளும் திரிகள் அவர் கையில்.

"டீச்சர், அத அமத்துங்க! ஒயரில்லாம அங்கன லைட்டு எரியுதே, என் ஒயருல கரண்டு ஏறாதா?"

"ஒண்ணும் செய்யாதுக்கா" என்று சிரித்தேன்.

அவர் என்னோடு மல்லுக்கு நிற்கவில்லை. முன்வரிசைப் பிள்ளைகளை விரட்டிவிட்டு, வெடித்தால் முகத்தில் படாதபடி திருப்பிக்கொண்டு, ஒவ்வொரு திரியின் இரண்டு கம்பி முனைகளையும் சேர்த்து முறுக்கினார். முனைகள் சேர்ந்திருந்தால் திரி பற்றும் ஆபத்து குறைவு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயுவுக்குள் மின்னோட்டத்தைத் தூண்டும் அலை கம்பியை மட்டும் விட்டுவைக்குமா? முந்தைய வாரம் நானே நடத்திய பாடம். பாய்ந்துபோய் சுவிட்சை அணைத்தேன்.

எதுவும் வெடிக்கவில்லை. வெடித்திருக்காது என்று நிரூபிக்கத்தான் இன்றும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். விடை வருவதற்குள், நான் சிரித்துக்கொண்டிருந்தபோது கம்பியில் இருந்த அக்காவின் விரல்கள் கண்முன் வந்து நிற்கின்றன.