தைவானை நோக்கி ஒரு வெள்ளைச் சுழி

எங்கள் தெருவுக்கு கேபிள் டிவி வந்த புதிதில் எல்லா வீட்டிலும் சீரியல் ஓடும்; எங்கள் வீட்டில் மட்டும் வானிலை ஓடும். ஆங்கிலச் செய்தி முடிந்ததும் ஆசியா, பசிபிக் வரைபடம் வரும். மணிலாவில் மழை, டோக்கியோவில் வெயில், சிங்கப்பூரில் இடி. சின்ன காஞ்சிபுரத்தில் தறி நெய்கிற வீட்டுக்கு டோக்கியோவில் வெயிலடித்தால் என்ன, அடிக்காவிட்டால் என்ன? அண்ணன் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போயிருந்தான், அதுதான் விஷயம். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். "அவன் இருக்கிற ஊருக்கு இன்னாடி சொல்றான்?" என்று பிடுங்கி எடுப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அவன் இன்னா டவுன் பஸ்லயாம்மா போறான், ஸ்டாப்பு ஸ்டாப்பா சொல்றதுக்கு?"

"வாயாடாத. படத்தைப் பாத்து சொல்லு."

ஓர் ஆவணியில் அண்ணன் தைவானிலிருந்து போன் செய்தான். துறைமுகத்தில் நிற்கிறார்களாம், சரக்கு இறங்குகிறதாம், அம்மா வைக்கிற காரக்குழம்பு வேண்டுமாம். அன்று மாலையே டிவியில் தைவானை நோக்கி ஒரு பெரிய வெள்ளைச் சுழி நகர்ந்து வந்தது. அம்மா முகம் செத்துவிட்டது.

அப்பாதான் தேற்றினார். விடியற்காலையில் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சீர்செய்வது எங்கள் தெரு வழக்கம். ஒரு தூறல் விழுந்தால் போதும், அடுத்த வீடு எதிர் வீடு எல்லாம் ஓடிவந்து, சுருட்டி உள்ளே கொண்டுபோய்விடுவோம். அப்பாவுக்குத் தெரிந்த வானிலை அவ்வளவுதான். "நூலுக்கே நாம அப்படிப் பாக்குறோம். அம்மாம் பெரிய கப்பல வெளிய வுட்டுடுவாங்களா? கரையிலதான இருக்கான். இறுக்கிக் கட்டிப் போட்டுடுவாங்கம்மா." எனக்கும் அது சரியென்றே பட்டது. எங்களில் யாருக்குக் கடலைத் தெரியும்? மகாபலிபுரத்தில் கால் நனைத்ததோடு சரி.

அம்மா அன்று வயிறாரச் சாப்பிட்டாள். புயல் கரையைத் தொட்டதை மறுநாள் காட்டினார்கள். "நடுக்கடல்ல மாட்டிக்கினு இருக்கிற புள்ளைங்கதான் பாவம். பெத்தவ இன்னா பாடு படறாளோ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரோ பெற்ற அந்தப் பிள்ளைகளுக்காக வரதர் கோயிலுக்குப் போய் நெய்விளக்கு ஏற்றிவிட்டும் வந்தாள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு வெடிக்கிறது.

அதன்பின் அண்ணனைக் கப்பலில் சேர்த்துவிட்ட ஏஜென்ட் சென்னையிலிருந்து போன் செய்தார். நான்தான் எடுத்தேன். கப்பல் மூழ்கிவிட்டது, ஒருவரும் மிஞ்சவில்லை என்றார். கரையில் கட்டிப் போட்ட கப்பல் எப்படியய்யா மூழ்கும் என்று கத்தினேன். அவர் நிதானமாக விளக்கினார். பெரிய புயல் வந்தால் பெரிய கப்பல்களைத் துறைமுகத்தில் வைத்திருக்க மாட்டார்களாம். சுவரில் மோதி உடைந்துவிடுமாம். முன்கூட்டியே நடுக்கடலுக்கு அனுப்பிவிடுவார்களாம். அதுதான் வழக்கமாம்.

அவர் சொல்லச் சொல்ல நான் அப்பா அம்மாவுக்குச் சொன்னேன். அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா என் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினாள். அவள் அழவில்லை.

"புயல் வருதுன்னு தெரிஞ்சுக்கினே புள்ளைங்கள வெளிய அனுப்புனீங்களா? நீ உள்ளயே இருன்னு ஒருத்தர்கூட சொல்லலியா?"

போன் துண்டிக்கப்பட்ட பிறகும் அம்மா, "சொல்லுப்பா, ஒருத்தர்கூட சொல்லலியா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.