செருப்பில் இல்லாத மண்

கரிசலில் மழை பெய்துவிட்டால் யாரும் விறுவிறுவென்று நடந்துவிட முடியாது. பத்து எட்டு வைப்பதற்குள் செருப்பில் மண் அப்பிக் கால் கனக்கும். நின்று, குச்சியால் சுரண்டிவிட்டுத்தான் மறுபடி நடக்க வேண்டும். அதனால் போன ஐப்பசியில், பசுவந்தனைப் பக்கம் இருக்கும் எங்கள் பருத்திக் காட்டுக்குப் போகும்போது என் வீட்டுக்காரர் நாலு இடத்தில் நின்றதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கால் கனக்கிறது என்றார். கரிசல் என்றால் கனக்கத்தானே செய்யும் என்றேன்.

மாசியில் பருத்தி எடுக்கப் போனோம். மண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மனுஷன் அதே நாலு இடத்தில் நின்றார். குச்சியை எடுத்துச் செருப்பைச் சுரண்டினார். எனக்குச் சுருக்கென்றது.

"செருப்புல பொட்டு மண் இல்ல. என்னத்தச் சுரண்டுதீங்க?"

"ஏட்டி, சும்மா இரு. கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்குது. ரெண்டு நிமிஷம் நின்னா விட்டுரும்."

எத்தனை மாசமாக என்று கேட்டேன். மறுபடி செருப்பைச் சுரண்டினார். அங்கேயே வரப்பில் உட்கார வைத்துச் செருப்பைக் கழற்றினேன். அந்த வெயிலிலும் வலது பாதம் சில்லென்று இருந்தது. இடது பாதம் வெதுவெதுப்பாக இருந்தது. வலது பெருவிரலில் பொங்கலுக்கு முன்னால் முள் குத்திய புண் இன்னும் ஆறவில்லை. ஒரே வீட்டில் இருந்தும் இதைப் பார்க்காத என்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது. பருத்தியைச் செடியிலேயே விட்டுவிட்டு, அவரைக் கோவில்பட்டி பஸ்ஸில் ஏற்றினேன்.

டாக்டர் கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பார்த்தார். காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, பீடிதான் முக்கியக் காரணம், இன்னும் அசட்டையாக இருந்திருந்தால் காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார். திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய் அடைப்பைச் சரிசெய்தோம். மிச்சமிருந்த பீடிக்கட்டை நானே அடுப்பில் போட்டேன். தினமும் நடக்கச் சொன்னார்கள். முணுமுணுத்தவரை விரட்டி விரட்டி நடக்க வைத்தேன். புண் ஆறியது.

இந்த ஐப்பசியிலும் நல்ல மழை. காட்டுப் பாதையில் என் செருப்பு கனத்தது. நின்று சுரண்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், அவர் அந்த நாலு இடத்தையும் தாண்டி எங்கள் வரப்பில் நிற்கிறார்.

"ஏட்டி, ஏன் நின்னுட்ட? கால் பிடிக்குதா?"

செருப்பைக் கழற்றி உயரத் தூக்கிக் காட்டினேன்.

"மண்ணுதான்! நெசமாவே மண்ணுதான்!"