அக்கா வாய் திறந்ததால் தப்பித்தோம்

நாமக்கல்லில் வாடகைக்குக் குடியிருக்கும் நாங்கள், எருமப்பட்டிப் பக்கம் ஒரு மனை பார்த்திருந்தோம். மறுநாள் பத்திரப்பதிவு. பக்கத்து வீட்டு சரோஜா அக்காவிடம் இடத்தைச் சொன்னதும் அவர் முகம் இருண்டுவிட்டது.

“வேண்டாஞ்சாமி. அங்கதான் நாங்க ஊடு கட்டினோம். ஓடைப் புறம்போக்குன்னு இடிச்சுட்டாங்க. அவமானத்துல யாருகிட்டயும் சொல்லலை.”

பிள்ளைகள் படிப்புக்காகக் குடிவந்ததாகத்தான் அதுவரை எங்களிடம் சொல்லியிருந்தார்.

நம்ப முடியாமல் அவரையும் அழைத்துக்கொண்டு அங்கே போனோம். எங்கள் மனைக்குள் முள்செடிகளுக்கு நடுவே ஓர் இடிந்த சுவர். பழைய மோட்டார் ரூம் என்று புரோக்கர் சொல்லியிருந்த அதே சுவர்.

அதில் ஒட்டியிருந்த நீல டைல்ஸைத் தொட்டு, “இது எம்பட சமையக்கட்டு” என்றார் அக்கா.

இருந்த நகையெல்லாம் விற்றிருந்தோம். அக்காவிடம் பேசாமல் போயிருந்தால் எங்கள் கதியும் அதுதான்.

பதிவை நிறுத்திவிட்டோம். ஆனால் தெருவில் பொக்லைன் சத்தம் கேட்டால் இன்றும் வாசலுக்கு ஓடி எட்டிப் பார்க்கிறேன்.

இப்போது எந்த இடத்தைப் பார்த்தாலும், அங்கே வாங்கி நஷ்டப்பட்டவர்கள் உண்டா என்றுதான் முதலில் விசாரிக்கிறேன். நாங்கள் ஏமாற இருந்ததைக் கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன். அக்காவும் கூட உட்கார்ந்து, தன் வீடு போனதை மறைக்காமல் சொல்கிறார்.