ஏழாவது ஆட்டக்காரர்

அப்பா எங்களைவிட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மூத்த மகளாக என் வணக்கம். அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுது என்று அம்மா சொல்லியிருக்கிறார். எழுதுகிறேன். ஆனால் நல்லதை மட்டும் எழுதினால், இது யாரைப் பற்றியது என்று நீங்கள் அட்டைப் படத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.

அப்பா கோல சிலாங்கூருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் ஐந்தாமவர். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் பால்மரம் வெட்டப் போனார். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது, குலை ஏற்றும் லோரிக்கு ஓட்டுநரானார். இருபத்து மூன்று வயதில் தோட்டத்துக் காற்பந்துக் குழுவுக்குப் பயிற்சியாளராக நின்றவர், நாற்பது வருடங்களுக்கு மேல் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. தோட்டத்தில் பாதியை வீடமைப்புக்கு விற்று, சனங்கள் ரவாங் பக்கம் குடிபோன பிறகும், ஞாயிற்றுக்கிழமை காலையில் லோரியை எடுத்துக்கொண்டு போய்ப் பையன்களை வீடுவீடாகப் பொறுக்கிக்கொண்டு வருவார்.

அப்பா நல்லவர்தான். காலணி இல்லாதவனுக்குக் காலணி வாங்கிக் கொடுத்தார். ஒரு முறை கால் எலும்பு முறிந்த ஆட்டக்காரரை முதுகில் சுமந்து கிளினிக்குக்குக் கொண்டுபோனார். போகும் வழியெல்லாம், "எவன்டா ஒன்ன அந்தப் பக்கமா ஓடச் சொன்னது?" என்று திட்டிக்கொண்டே போனார். இரண்டும் அப்பாதான். கலும்பாங்கில் தோற்றுவிட்டு வந்த ஒரு நாள், பெனால்டியை வெளியே அடித்தவரை ரவாங்கில் லோரியிலிருந்து இறக்கிவிட்டு, "பஸ்ஸு புடிச்சு வா, அப்பதான் புத்தி வரும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். இறக்கிவிடப்பட்டவர் இன்றைக்குப் பேரன் எடுத்துவிட்டார். அதை ஏதோ பட்டம் வாங்கியதுபோல இன்னும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

எனக்கு அந்தப் பெருமை கிடையாது. எங்கள் தோட்டத்தில் முனீஸ்வரர் திருவிழாவை ஒட்டி வருடத்துக்கு ஒரு கோப்பை ஆட்டம் நடக்கும். வெளியூர்க் குழு ஒன்றை அழைப்பார்கள், ஒரே ஆட்டம்தான். வெள்ளிக்கிழமை பூசையில் புதுப் பந்தை முனீஸ்வரர் காலடியில் வைத்தால், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்கும்வரை பொம்பளைக் கை அதன்மேல் படக்கூடாது. அது அப்பா காலத்துக்கு முன்பிருந்தே இருக்கும் வழக்கம். எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது, சனிக்கிழமை மத்தியானம் யாரும் இல்லாத நேரத்தில் அந்தப் பந்தை எடுத்துக்கொண்டுபோய்த் திடலில் உதைத்தேன். எட்டு உதையில் ஆறு கோல் கம்பத்துக்குள் போயிற்று. அதை எண்ணிக்கொண்டு நின்றபோதுதான் அப்பா வந்தார்.

இடுப்பு வாரால் வாங்கிய அடியைப் பற்றி எழுதப் போவதில்லை. அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் விழுந்த அடிதான். பந்தை மஞ்சள் தண்ணீரில் கழுவித் திரும்ப வைத்தார்கள். மறுநாள் எங்கள் குழு ஒரு கோலில் தோற்றது. ஆட்டம் முடிந்து எல்லாரும் நிற்கும்போது, அப்பா என்னைக் கையைப் பிடித்து இழுத்து நடுத்திடலில் நிறுத்தினார். "நல்லா பாத்துக்குங்க. நம்ம பையனுங்க தோக்கல. இந்தச் சனியன் கை வெச்ச பந்துதான் தோத்துச்சு" என்றார். அன்றிலிருந்து தோட்டத்தில் எனக்குப் பெயர் 'பந்தத் தொட்டவ'. எனக்குக் கல்யாணம் பேச வந்த வீட்டில்கூட ஒரு கிழவர் அப்படிச் சொல்லிச் சிரித்தார்.

நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான். அப்பா என்னைத் தன் குழுவில் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பதினோரு வயதிலும் அதுதான் ஆசை. நாற்பதைத் தாண்டிய பிறகும் அதுதான்.

ரவாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போனபோது, கோலாலம்பூரிலிருந்து வந்த ரக்பி மன்றம் ஒன்று பெண்களையும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னது. பப்பாளிப் பழம் மாதிரி பந்து. அதைக் கையால் தொடலாம். மார்போடு கட்டிக்கொண்டு ஓடலாம். தொட்டதற்கு யாரும் அடிக்க மாட்டார்கள். முதல் நாளே அந்த ஆட்டம் எனக்குப் பிடித்துப்போனது. விளையாடினேன், பிறகு பயிற்சி கொடுத்தேன். மன்றம் வளர்ந்தது. புது ஊர்களைப் பிடிக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. ரவாங் முடிந்தது, கோல குபு பாருவில் ஒரு கிளை திறந்தாயிற்று, அடுத்தது கோல சிலாங்கூர் என்றார்கள். அங்கே காற்பந்தை அசைக்க முடியாது, அந்த ஊரைத் தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார்கள். நான் கையைத் தூக்கினேன்.

வீட்டில் வந்து சொன்னபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அது என்னா ஆட்டம்? பன்னி புடிக்கிற மாரி ஒருத்தன் மேல ஒருத்தன் விழுவானுங்க. அதுக்கு நம்ம பையனுங்கள கேக்க வந்திருக்கியா?"

"கேக்க வரலப்பா. சொல்ல வந்தேன்."

"இந்தத் தோட்டத்துல என் பையனுங்க ஒருத்தன்கூட அத தொட மாட்டான்."

"பாப்போம்லா" என்றேன்.

அம்மா அடுப்படியிலிருந்து, "ரெண்டும் ஒரே மரத்துக் கட்ட. ஒரசாம வேற என்ன செய்யும்" என்றார்.

அடுத்து நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். அப்பாவின் ஆட்டக்காரர்களில் யாரை அவர் எப்படி அவமானப்படுத்தினார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அம்மா ஒவ்வொரு வாரமும் தொலைபேசியில் வருத்தப்பட்டுச் சொன்ன கதைகள்தாம். ஒருவனை 'ஊளமூக்கு' என்று எல்லார் முன்னாலும் கூப்பிட்டார். ஒருவனை இரண்டு வருடம் தண்ணீர் தூக்க மட்டும் விட்டார். நான் நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். "ஒன்ன மாரி ஆளு ரவாங்ல இருந்தா தலையில தூக்கி வெச்சு ஆடுவாங்க" என்றேன். புண் எங்கே என்று தெரிந்தவளுக்கு மருந்து போடவும் தெரியும். புதுக் காலணி கொடுத்தேன், வேன் அனுப்பினேன், ஒருவரையும் திட்டவில்லை. ஆறு மாதத்தில் பத்துப் பேர் வந்துவிட்டார்கள். அப்பா போனவர்களைத் தேடிப் போகவில்லை. இருந்தவர்களை முன்னைவிட அதிகமாகத் திட்டினார். மேலும் நாலு பேர் வந்தார்கள்.

எங்கள் முதல் காட்சி ஆட்டத்துக்கு நாள் குறிக்கச் சொன்னார்கள். வருடத்தில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. நான் திருவிழாக் கோப்பை நடக்கும் ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தேன். சாலைக்கு அந்தப் பக்கம் தோட்டத் திடல். இந்தப் பக்கம் பள்ளித் திடல். கூடாரம் போட்டு, ஐஸ் தண்ணீர் வைத்து, பாட்டுப் போட்டு, மைக்கை நானே கையில் வாங்கிக்கொண்டேன். அன்று சனமெல்லாம் எங்கள் பக்கம். அப்பா அழைத்த கலும்பாங் குழு பதினொரு பேரோடு வந்து நின்றது. அப்பாவிடம் ஆறு பேர் இருந்தார்கள். காற்பந்தில் ஏழு பேராவது இல்லையென்றால் ஆட்டம் கிடையாது. ஆடாமலே கோப்பையைக் கொடுத்துவிட வேண்டும்.

கோல் காவலர் கோபால் அண்ணன் சாலையைத் தாண்டி என்னிடம் வந்தார். அப்பாவோடு இருபது வருடம் இருந்தவர். என்னைச் சொந்தத் தங்கையாகவே நினைப்பவர்.

"தங்கச்சி, அப்பா அனுப்பல. நானா வந்தேன்லா. ஒரே ஒரு ஆளு குடு. ஒன்னரை மணி நேரம். இங்க நிக்கிறவனுங்க எல்லாம் நம்ம பையனுங்கதானே?"

"அப்பாவ வந்து கேக்கச் சொல்லுங்க."

"அவரு வர மாட்டாரு. ஒனக்குத் தெரியாதா?"

"அப்ப ஆளும் வர மாட்டான்."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் காலணியை மாற்றிக்கொண்டு போகத் தயாராகத்தான் இருந்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டார்கள்.

கால் மணி நேரம் கழித்து, அந்தப் பக்கம் விசில் சத்தம் கேட்டது. ஏழாவது ஆளாக அப்பாவே இறங்கியிருந்தார். அறுபத்தாறு வயது. கோல் காவலருக்கு வைத்திருந்த மாற்று ஜெர்சி தொடைவரை தொங்கியது. முழங்காலில் துணி சுற்றியிருந்தார். மைக் என் கையில் இருந்தது. அன்று நான் பேசியது இன்னும் எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது.

"அன்பான ரசிகர்களே, எதுத்தாப்ல அறுபத்தாறு வயசு இளம் ஆட்டக்காரரு ஒருத்தரு எறங்கியிருக்காரு! ஓசி ஷோ லா, போய்ப் பாத்துட்டு வாங்க!"

எல்லாரும் போனீர்கள். பல வருடங்களாக அந்தத் திடல் அத்தனை கூட்டத்தைப் பார்த்ததில்லை. "தாத்தா, பல்ல கழட்டி வெச்சிட்டு ஆடுங்க" என்று ஒரு குரல். அப்பா பந்தை நோக்கி ஓடும்போதெல்லாம் ஓவென்று கத்தினீர்கள். கலும்பாங் பையன்களுக்கும் குஷி வந்துவிட்டது. கோலுக்குப் போகாமல், அப்பாவை நடுவில் விட்டுச் சுற்றிச் சுற்றிப் பந்தை உருட்டினார்கள். இரண்டு முறை விழுந்தார். ஒரு முறை கோபால் அண்ணன் தூக்கிவிட வந்தபோது, "ஒன் எடத்துக்குப் போ" என்று அவரையும் திட்டினார். ஒன்பது கோல். கடைசி விசில்வரை அப்பா வெளியே வரவில்லை. முடிந்ததும் எதிரணி ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். கோப்பையை எடுத்துக் கொடுக்க வேண்டியவரும் அவர்தான். சேறு காயாத ஜெர்சியோடு மேடையேறிக் கொடுத்தார். அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டிருந்தது.

இப்போது அந்தத் திடலில் எங்கள் ரக்பிக் கம்பங்கள் நிற்கின்றன. கோல சிலாங்கூர்க் கிளையைத் திறந்துவைத்த அன்று மன்றத்தார் எனக்கு மாலை போட்டார்கள். அப்பா வீட்டுக்குள் இருந்தார். நாலு மாதத்தில் படுத்துவிட்டார். இதயம் பல வருடங்களாகவே பலவீனமாக இருந்தது, அந்த ஆட்டத்தால் வந்ததல்ல என்று டாக்டர் சொன்னார். டாக்டர் நல்ல மனிதர். எனக்கு ஆறுதல் தேவை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். மருத்துவமனையில் அப்பாவின் வசவுகளை எல்லாம் பொறுத்துக்கொண்ட தாதியருக்கும், அன்று உடன் ஆடிய ஆறு பேருக்கும், இறுதிச் சடங்கில் வெயிலில் நின்றவர்களுக்கும், தூரத்து ஊர்களிலிருந்து வேலையைப் போட்டுவிட்டு வந்தவர்களுக்கும், குடும்பத்தின் சார்பில் கைகூப்பி நன்றி. நான் மைக்கில் கூப்பிட்டதும் ஓடிப்போய்ச் சிரித்தவர்களுக்கும் நன்றி. உங்கள்மேல் கோபம் இல்லை. கூப்பிட்டவள் நான்தான்.

நன்றியோடு முடித்துவிடத்தான் நினைத்தேன். அம்மாதான், "அதையும் எழுதிடு, மனசுல வெச்சிக்கிட்டு திரியாத" என்றார்.

மருத்துவமனையில் பதினெட்டு நாள் அப்பாவோடு இருந்தேன். கஞ்சி ஊட்டினேன், உடம்பு துடைத்துவிட்டேன். அம்மாவிடம் பேசுவார், தாதியரிடம் பேசுவார், என்னிடம் பேசமாட்டார். மன்னிப்புக் கேட்க நாலைந்து முறை வாயெடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார். பதினேழாவது நாள் சாயங்காலம், மன்னிப்பை விட்டுவிட்டு, முப்பது வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"அப்பா, அன்னிக்கு என்னய வெளையாட விட்டிருந்தா, ஒங்க டீம்ல எடுத்திருப்பீங்களா?"

அப்பா கண்ணைத் திறந்து விட்டத்தைப் பார்த்தார். பதினொரு பேரையும் ஒவ்வொருவராக நிறுத்திப் பார்ப்பதுபோல நிதானமாக யோசித்தார்.

"மாட்டேன்."

"பொம்பளப் புள்ளங்கறதாலயா?"

"அதுக்கில்ல. ஒன் காலு நல்ல காலு. அன்னிக்கு எட்டுல ஆறு போட்ட, மரத்தடியில நின்னு எண்ணிக்கிட்டுதான் வந்தேன்." மூச்சு வாங்கியது. "ஆனா நீ அடுத்தவனுக்குப் பாஸ் குடுக்க மாட்ட."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்பா என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.