அடிபடாத பந்து

செப்டம்பர் முப்பதாம் தேதியோடு எங்கள் பேஸ்பால் குழுவின் லீக் ஆட்டங்கள் தீர்ந்துவிட்டன. முதலிடம் அதற்கு ஒரு வாரம் முன்பே உறுதியாகியிருந்தது. எங்கள் மைதானத்துக்குக் கூரை உண்டு. சொந்த ஊர் ஆட்டம் ஒன்றுகூட மழையால் தள்ளிப்போகவில்லை. மற்ற குழுக்கள் தள்ளிப்போன ஆட்டங்களை அக்டோபர் எட்டு வரை ஆடிக்கொண்டிருந்தன. அதன்பிறகு இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் மோதும். ஜெயித்தவர்கள் பதினைந்தாம் தேதி எங்களிடம் வருவார்கள், உடம்பில் சூடு ஆறாமல். எங்களுக்கு நடுவில் பதினான்கு நாள் ஆட்டமே கிடையாது.

போன வருஷமும் இதே கதை. பன்னிரண்டு நாள் காத்திருந்தோம். பிறகு தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் தோற்றோம். எங்கள் நான்காம் மட்டையாளன் குராமித்சு பதினைந்து முறை போய் ஒரே ஒரு முறை அடித்தான். பயிற்சியில் மட்டும் பந்துகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன.

அந்தப் பயிற்சிப் பந்துகளை வீசியவர் மினாகவா. வயது நாற்பத்தொன்று, இடக்கைக்காரர். பதினெட்டு வயதில் வீச்சாளராகக் குழுவுக்கு வந்தவர். ஏழு வருஷத்தில் முதல் அணிக்காக மூன்றே ஆட்டம். நிர்வாகம் அவரைக் கூப்பிட்டு, வீச்சாளராக வேண்டாம், பயிற்சிக்குப் பந்து போட இருக்கிறீர்களா என்று கேட்டபோது அன்றே சரி என்றார். முதல் இரண்டு மாதம் பெரிய ஆட்டக்காரர்களைப் பார்த்தாலே பந்து பாதி வழியில் தரையில் விழுந்தது. அப்புறம் சரியாகிவிட்டது. பதினாறு வருஷமாக ஒரு நாளைக்கு நூற்றிருபது பந்து, வீச்சாளர் ஏறி நிற்கும் மேட்டுக்கு முன்னால் வலைத் தடுப்பின் பின்னே நின்று, அடிக்கிறவனுக்குப் பிடித்த இடத்தில்.

இந்த வேலைக்கென்று சில மரியாதைகள் இருக்கின்றன. வளைபந்து போடுவதற்கு முன் கையுறையை மேலிருந்து கீழே ஒருமுறை வளைத்துக் காட்ட வேண்டும். மட்டையாளன் தலையசைத்த பிறகுதான் பந்து. எட்டாத இடத்தில் பந்து போய்விட்டால் தொப்பியைக் கழற்றித் தலைகுனிய வேண்டும். மினாகவா தொப்பியைக் கழற்றுவது அபூர்வம்.

நான் அவருக்குப் பந்து பிடிப்பவன். ஆட்டத்தில் இறங்காத கேட்ச்சர்.

ஐந்தாம் நாள் பேட்டிங் கோச் ஹனவா எங்களிடம் வந்தார். இரண்டாம் இடத்துக் குழுதான் வரும் என்பது அவருடைய கணிப்பு. முதல் ஆட்டத்தில் அவர்கள் ஓர் இடக்கைக்காரனை இறக்குவார்கள். அவனுடைய மெதுவான வளைபந்தை இந்த வருஷம் குராமித்சு ஒருமுறைகூட அடிக்கவில்லை. பந்து வருவதற்குள் குராமித்சுவின் முன்தோள் அவசரப்பட்டு வெளியே திரும்பித் திறந்துகொள்கிறது. எங்கள் இளம் வீச்சாளர்கள் எல்லோரும் மியாசாகியில் இளையோர் ஆட்டங்களுக்குப் போயிருந்தார்கள். முதல் அணியில் இருந்த இரண்டு இடக்கைக்காரர்களின் கையைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

"மினாகவா-சான், நாளைக்கு நீங்க மேட்டுல ஏறுங்க."

"தினமும் அதுக்கு முன்னாடிதானே நிக்கறேன்."

"முன்னாடி இல்ல. மேல. வலை கிடையாது, அம்பயர் உண்டு. குராமித்சுவ அவுட்டாக்குங்க."

மினாகவா சிரித்தார். "பதினாறு வருஷமா அவங்க அடிக்கணும்னு போட்டுட்டிருக்கேன். இப்பப் போய் அடிக்கக் கூடாதுன்னா கை கேக்குமா?"

"கையக் கேட்டுட்டுச் சொல்லுங்க."

மறுநாள் ஆட்டம் போலவே எல்லாம் நடந்தது. எட்டுப் பேர் அவரவர் இடத்தில் நின்றார்கள். மினாகவா முதலில் நேர்பந்து போட்டார். அம்பயர் ஸ்ட்ரைக் என்றார், மூன்றானால் அவுட். அடுத்து வளைபந்துக்கு நான் விரல் காட்டினேன். அவர் கையுறை மேலே போய், கீழே வளைந்து இறங்கியது. குராமித்சுவும் பழக்கத்தில் தலையசைத்தான். பந்து வலப்பக்கச் சுவரில் போய் மோதியது.

இரண்டாம் தளத்தை, செகண்ட் பேஸைக் காத்து நின்றவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "வாசல் மணிய அடிச்சுட்டு வர்ற திருடன இன்னிக்குத்தாண்டா பாக்கறேன்!"

மினாகவாவும் சிரித்தார். மறுபடியும் வளைபந்து கேட்டேன். மறுபடியும் கையுறை இறங்கியது. இந்த முறை பந்து பார்வையாளர் மாடிக்குப் போனது. எல்லோரும் கைதட்டினார்கள்.

குராமித்சு மட்டையைத் தரையில் ஊன்றி நின்றான். சத்தமாகப் பேசவில்லை, எனக்குக் கேட்டது.

"போன வருஷப் பயிற்சியிலயும் இப்படித்தான் அடிச்சேன். சத்தமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

மினாகவாவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். சிரிப்பு நின்றது. நான் மேட்டுக்குப் போனேன்.

"கையுறைய நெஞ்சோட ஒட்டி வெச்சுக்கங்க."

"வெச்சுக்கத்தான் பாக்கறேன். அது தானாப் போகுது."

"டேப் போட்டுக் கட்டிரலாமா?" என்று ஹனவா பின்னாலிருந்து கத்தினார்.

"என் வாயக் கட்டுங்க முதல்ல, சரின்னு சொன்னதுக்கு."

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. அவர் கண் என் மேல் இல்லை. பதினாறு வருஷமாக அவர் பார்ப்பது மட்டையாளன் முகத்தை. அவன் தயாரா, பிடித்திருக்கிறதா, அடுத்தது எங்கே வேண்டும் என்று. அந்த முகத்தைப் பார்த்ததும் கையுறை எழுந்துவிடுகிறது.

"மினாகவா-சான், அவனப் பாக்காதீங்க. அங்க ஆளே இல்ல. என் கையப் பாருங்க."

அவர் தொப்பியின் முனையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். கையுறை நெஞ்சிலேயே இருந்தது. பந்து மெதுவாக, வரலாமா வேண்டாமா என்பது போல வந்து, குராமித்சுவின் முழங்காலுக்குக் கீழே விழுந்தது. அவன் மட்டையை முன்பே சுற்றிவிட்டான். சுற்றிய வேகத்தில் ஒரு முழங்கால் மண்ணில் பதிந்தது.

யாரும் சிரிக்கவில்லை. மினாகவா தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்தார்.

"தொப்பிய மாட்டுங்க!" குராமித்சு கத்தினான். முகம் சிவந்திருந்தது. "அந்த இடக்கைக்காரன் வந்து எங்கிட்ட மன்னிப்பா கேக்கப் போறான்? இன்னொண்ணு!"

அன்று இன்னும் ஐந்து பந்துகளைத் தவறவிட்டான். மறுநாள் நான்கு. மூன்றாம் நாள் மினாகவா நேர்பந்தைத் தோளுக்கு அருகில் வீசி அவனைப் பின்வாங்க வைத்தார். தொப்பியைத் தொடவில்லை. "கிழவா!" என்று குராமித்சு சொன்னதும், "கிழவன் பந்தையே அடிக்க முடியல, பெருசா பேசற" என்றார். பதினாறு வருஷத்தில் ஒரு மட்டையாளனிடம் அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

மினாகவாவின் முழங்கை வீங்கிவிட்டது. எட்டு நாளும் வீசினார். கடைசி இரண்டு நாள் குராமித்சுவின் தோள் திறக்கவில்லை. தாழ வந்ததை விட்டான், மேலே வந்ததை அடித்தான். ஆனால் அது மினாகவாவின் பந்து. நிஜமாக வருகிறவனிடமும் தோள் அப்படியே இருக்குமா என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

பதினைந்தாம் தேதி ஹனவா சொன்ன குழுவே வந்தது, அதே இடக்கைக்காரனோடு. நானும் மினாகவாவும் மாற்று வீச்சாளர்கள் தயாராகும் அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் முழங்கையில் ஐஸ் பை.

முதல் முறை குராமித்சு மூன்று பந்தில் அவுட்டானான். மூன்றாவதற்குத் தோள் திறந்தது. இரண்டாம் முறை நான்கு தவறான பந்துகளை அடிக்காமல் விட்டு, விதிப்படி நடந்தே முதல் தளத்துக்குப் போனான். அதில் இரண்டு வளைபந்து. தோள் அசையவில்லை. மினாகவா நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆறாம் சுற்று. நாங்கள் ஓர் ஓட்டம் பின்தங்கியிருந்தோம். தளங்களில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர். முதல் பந்து வெளியே போனது. அடுத்தது வளைபந்து. குராமித்சு காத்திருந்தான். டிவியில் பார்க்க, அவன் மறந்து நின்றுவிட்டது போலவே இருந்தது. பிறகு சுற்றினான். பந்து வெளிமைதானத்தில் தடுப்பவர்கள் இருவருக்கு நடுவே விழுந்து சுவர் வரை உருண்டது. தளங்களில் இருந்த இரண்டு பேரும் ஓடி வந்து சேர, நாங்கள் ஓர் ஓட்டம் முந்தினோம்.

அறையில் எல்லோரும் எழுந்து கத்தினார்கள். நான் மினாகவாவின் முதுகில் தட்டினேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பந்து விழுந்த இடத்தை மறுபடி காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பந்தை நான் இன்னும் ஒரு சாண் தாழப் போட்டிருப்பேன்" என்றார்.